அந்த விளக்கு யார் வீட்டில் இருக்கிறது?

ஞாயிற்றுக்கிழமை இலக்கியக் கூட்டத்தின் நேரலையைப் பார்த்தவர்களுக்கு நான் எதைப் பற்றி எழுதுகிறேன் என்று தெரியும். பேசியவரின் பெயரை இங்கே இழுக்க விரும்பவில்லை. ஆனால் அவர் சொன்ன ஒரு விஷயம் இன்னும் உறுத்திக்கொண்டே இருக்கிறது. சிறுகதை எழுத்தாளர் காத்தரின் மேன்ஸ்ஃபீல்டிடம் தனிமை உண்டு, குறியீடு உண்டு, வர்க்கம் மட்டும் கிடையாது, அது வேண்டுமென்றால் வேறு எழுத்தாளர்களிடம் போங்கள் என்றார். கைதட்டினார்கள்.

அவருடைய கதைகளை ஆளுக்கு ஒரு வரியில் முடித்துவிட்டார். 'பொம்மை வீடு' கதையில் விளக்கு என்றால் நம்பிக்கை. 'மிஸ் பிரில்' கதையில் அவள் கழுத்தில் சுற்றும் ரோமத் துண்டு என்றால் தனிமை. 'தோட்ட விருந்து' லாராவின் தொப்பி என்றால் பகட்டு. பரீட்சைக்கு நோட்ஸ் கொடுப்பது போல இருந்தது.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். அந்தப் பொருள்கள் ஒவ்வொன்றுக்கும் சொந்தக்காரர் இருக்கிறார், விலை இருக்கிறது. அதைக் கேட்காமல் குறியீடு பேசினால் கதையில் பாதியைத் தூக்கி எறிந்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

பொம்மை வீட்டு விளக்கையே எடுத்துக்கொள்வோம். பர்னெல் வீட்டுப் பெண்களுக்கு வந்த விளையாட்டுப் பொம்மை வீட்டுக்குள் இருக்கும் குட்டி விளக்கு அது. அந்தப் பொம்மை வீடு அவர்கள் வீட்டு முற்றத்தில் இருக்கிறது. பள்ளியில் படிக்கும் எல்லாப் பெண்களும் இரண்டு இரண்டு பேராக வந்து பார்க்கலாம். லில், எல்ஸ் என்ற கெல்வி சகோதரிகள் மட்டும் வரக் கூடாது. அவர்களுடைய அம்மா வீடு வீடாகப் போய்த் துணி துவைப்பவள். அப்பா சிறையில் இருப்பதாக ஊர் பேச்சு. சுற்றுவட்டாரத்தில் ஒரே பள்ளிக்கூடம் என்பதால் நீதிபதி மகளும் பால்காரர் பிள்ளையும் ஒன்றாகத்தான் படித்தாக வேண்டும். ஆனாலும் எங்காவது ஒரு கோடு போட வேண்டுமே, அதைக் கெல்வி பிள்ளைகளிடம் போட்டார்கள். இதை நானாகச் சேர்க்கவில்லை, கதையில் இருக்கிறது. அவர்களிடம் பேசுவதற்கு டீச்சருக்குக்கூடத் தனிக் குரல் ஒன்று உண்டு. லில் சாதாரணப் பூக்களைக் கொத்தாகக் கொண்டுவந்து மேஜையருகே நின்றால், மற்றப் பிள்ளைகளைப் பார்த்து டீச்சர் ஒரு மாதிரி சிரிப்பாள். இத்தனையையும் படித்துவிட்டு வர்க்கம் இல்லை என்று எப்படிச் சொல்ல வருகிறது?

லில்லின் உடுப்பைப் பாருங்கள். பர்னெல் வீட்டுப் பச்சை மேஜை விரிப்பில் தைத்த கவுன். கைப்பகுதி மட்டும் லோகன் வீட்டுச் சிவப்புத் திரைச்சீலைத் துணி. தலையில் தபால் நிலைய அம்மாளின் பழைய தொப்பி. ஊரில் யார் யார் வீட்டில் அவளுடைய அம்மா வேலை செய்கிறாள் என்பதை அந்தப் பெண் உடம்பிலேயே சுமந்துகொண்டு பள்ளிக்குப் போகிறாள்.

எனக்கு இது கதை மட்டும் இல்லை. என் அம்மா இரண்டு வீடுகளில் பாத்திரம் தேய்த்தார். தீபாவளி முடிந்ததும் பழைய துணிகள் வரும். அப்படி வந்த அரக்குப் பாவாடை ஒன்றை, மடிப்பு அவிழ்த்த கோடு தெரியாமல் அம்மா உள்பக்கம் மடித்துத் தைத்துக் கொடுத்தார். ஆறாம் வகுப்பில், யூனிஃபார்ம் போட வேண்டாத ஒரு நாளில், அதைக் கட்டிக்கொண்டு போனேன். வகுப்பில் ஒருத்தி எழுந்து, "இடுப்புக்கிட்ட இங்க் கறை இருக்கும் பாருங்க, அது என்னோடது" என்றாள். இருந்தது. நான் சிரித்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. அம்மாவிடம் சொல்லவும் இல்லை. "பெரியவளானா வேலைக்காரியாத்தானே போகப்போறே?" என்று கூடப் படிக்கும் லீனா லோகன் கேட்கும்போது லில் அப்படித்தான் சிரிக்கிறாள். கல்லூரியில் அந்த இடம் வந்தபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. அப்போதும் எங்களுக்கு எழுதிப்போட்டது 'விளக்கு – நம்பிக்கை' என்றுதான்.

சொந்தக் கதையை நுழைக்காமல் இலக்கியம் பேச முடியாதா என்று ஒருவர் கமெண்டில் வருவார். முடியும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை பேசியவர் தன் தாத்தாவின் நூலகத்தைப் பற்றி நீளமாகப் பேசினார், அதை யாரும் சொந்தக் கதை என்று சொல்லவில்லை.

அடுத்து, மேன்ஸ்ஃபீல்டே பணக்கார வீட்டுப் பெண்தானே என்பார்கள். ஆமாம். 1888இல் வெலிங்டனில் பிறந்தவர். அப்பா நியூசிலாந்து வங்கியின் தலைவர் பதவி வரை போனவர். அதனால்தான் கதவை உள்ளேயிருந்து யார் சாத்துகிறார்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. 'பொம்மை வீடு' கதையில் பர்னெல் பெண்களின் சித்தி பெரில், பொம்மை வீட்டைப் பார்க்க வந்துவிட்ட கெல்வி பிள்ளைகளைக் கோழி விரட்டுவது போல விரட்டுகிறாள். அன்றைக்குப் பிற்பகலில் அவளை மிரட்டி ஒரு கடிதம் வந்திருந்தது, பயந்து போயிருந்தாள். இந்தப் பிள்ளைகளை விரட்டியதும் மனசு லேசாகிவிடுகிறது. உள்ளேயிருந்து பார்த்தவரால்தான் அந்த லேசாவதை எழுத முடியும். 'தோட்ட விருந்து' லாராவும் அப்படித்தான். பக்கத்துக் குடிசையில் வண்டிக்காரர் ஒருவர் செத்துவிட்டார், விருந்தை நிறுத்தலாம் என்கிறாள். அம்மா தன் தொப்பியை எடுத்து அவள் தலையில் வைக்கிறாள். கண்ணாடியில் பார்த்ததும் செத்தவரின் நினைப்பு பின்னால் போய்விடுகிறது. பிறகு மிஞ்சிய பலகாரக் கூடையோடு அந்த வீட்டுக்குப் போய், பிணத்தின் முன்னால் அந்தத் தொப்பிக்காகத்தான் மன்னிப்புக் கேட்கிறாள்.

மிஸ் பிரில்லையாவது விட்டுவிடு, அது சுத்தமான தனிமைக் கதை என்று ஒரு தோழி நேற்று எழுதியிருந்தார். அந்த ரோமத் துண்டில் இருக்கும் விலங்கின் மூக்கு ஆட்டம் கண்டுவிட்டது, அதற்கு அரக்கு வைத்து ஒட்டினால் சரியாகிவிடும் என்று யோசிக்கிறாளே, அதைப் படித்தீர்களா? ஆங்கிலம் சொல்லிக் கொடுத்தும், நோயாளிக் கிழவர் ஒருவருக்குப் பத்திரிகை வாசித்தும் பிழைக்கிறவள் அவள். ஞாயிற்றுக்கிழமை ஒரு துண்டுத் தேன் கேக்தான் அவளுடைய ஆடம்பரம். பூங்காவில் பக்கத்தில் உட்கார்ந்த பெண் கேலி செய்வது அந்தப் பழைய ரோமத்தைத்தான். அன்றைக்குக் கேக் வாங்காமல், அலமாரி போன்ற இருட்டறைக்குத் திரும்புகிறாள். புது ரோமம் வாங்க வசதியிருந்தால் அந்தச் சிரிப்பு அவள் பக்கம் வந்திருக்காது.

எனக்கு வலிப்பது வேறு. ஏழையைப் பற்றி ஓர் ஆண் எழுதினால் சமூகம் என்கிறோம், பெண் எழுதினால் மென்மை, நுட்பம், மனநிலை என்கிறோம். பாராட்டுவது போலவே ஒதுக்குகிறோம். காசநோயோடு போராடிக்கொண்டு 1920இலிருந்து 1922க்குள் இந்தக் கதைகளை எழுதி, 1923 ஜனவரியில் 34 வயதில் செத்துப்போனவர் அவர். நூறு வருஷம் கழித்தும் அவரை 'நுட்பமான எழுத்து' என்ற ஒரே சொல்லில் அடக்குகிறோம்.

எதிர்ப்பு எங்கே, அவருடைய ஏழைகள் யாரும் குரல் எழுப்புவதில்லையே என்றும் அன்று கேட்டார்கள். 'மா பார்க்கரின் வாழ்க்கை' கதையில் வீட்டு வேலை செய்யும் மா பார்க்கர், பேரனைப் புதைத்த மறுநாள் ஓர் எழுத்தாளக் கனவானின் வீட்டுக்குச் சுத்தம் செய்ய வருகிறாள். ஈமச்சடங்கு நல்லபடியாக நடந்ததா என்று கேட்கிறார். கொஞ்ச நேரம் கழித்து, டப்பாவில் கடைசியாக இருந்த ஒரு ஸ்பூன் கோகோவைக் கொட்டிவிட்டாயா என்று கேட்கிறார். இத்தனை வருஷ அழுகையும் அன்றைக்குத்தான் அவளுக்கு முட்டிக்கொண்டு வருகிறது, அழ இடம் இல்லை. வீட்டில் அழுதால் மகள் எத்தல் பயந்துவிடுவாள். அந்நியர் வீட்டில் அழ உரிமை இல்லை. தெருப்படியில் உட்கார்ந்தால் போலீஸ்காரர் வந்து கேட்பார். அப்புறம் மழை வருகிறது. அழுவதற்கு ஓர் இடம் வேண்டும், அது சிலருக்கு மட்டும்தான் இருக்கிறது என்பதை இதைவிட உரக்க எப்படிச் சொல்வது?

அடுத்த கூட்டத்தில் இந்தக் கதையைத்தான் எடுப்பதாகக் கேள்விப்பட்டேன். வருகிறேன். மழைக்கு என்ன பொருள் என்று விளக்கத் தொடங்குவதற்கு முன்னால், அந்தக் கோகோ கேள்வியை முதலில் எல்லோருக்கும் உரக்க வாசித்துக் காட்டுங்கள்.