ரோமன் ரோலண்ட் நூலகத்தை ரோமன் ரோலண்ட் தொடங்கவில்லை

“புதுச்சேரியில் 1827-இல் ரோமன் ரோலண்ட் தன் கையால் தொடங்கிய நூலகம்” என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. ஆண்டு சரி, ஆள்தான் தப்பு. பிரெஞ்சு எழுத்தாளரான ரோலண்ட் பிறந்ததே 1866-இல்! பிறப்பதற்கு 39 வருடம் முன்பே வந்து திறந்து வைத்தாரா என்ன?

நூலகம் பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் தொடங்கியது. ரோலண்டின் பெயர் வைக்கப்பட்டது 1966-இல், அவருடைய நூற்றாண்டை ஒட்டி. 1915-க்கான இலக்கிய நோபல் பெற்றவர். காந்தி, ராமகிருஷ்ணர், விவேகானந்தர் வரலாறுகளைப் பிரெஞ்சில் எழுதியவர். ஆனால் இந்தியாவுக்கு அவர் வந்ததே இல்லை.

பிறந்த ஆண்டை நோபல் பரிசு இணையதளத்திலேயே பார்க்கலாம். பெயர் மாறிய விவரத்தை நூலகத்தில் போய்க் கேளுங்கள். அந்தச் செய்தி வந்தால் தயவுசெய்து ஃபார்வேர்டு செய்யாதீர்கள். அனுப்பியவரிடம் 1827, 1866 என்ற இந்த இரண்டு ஆண்டுகளைச் சொன்னாலே போதும்.