74 வெற்றி, 40 தோல்வி, அதோடு சரி

போன கிழமை சாப்பாட்டு மேசையில் இருந்துகொண்டு மருமகன் முறையான பெடியன் ஒருவன் சொல்கிறான்: "மாமா, உது ஒவ்வொரு முறையும் நடக்கிறதுதானே. கடைசி நேரத்தில கையெழுத்து வைச்சிடுவாங்கள். நீங்கள் ஏன் இப்பவே கொதிக்கிறீங்கள்?" கையில் இருந்த பிளேன்ரீயை வைத்துவிட்டு எழும்பிப் போய்விட்டேன். அவன் 1999இல் பிறந்தவன். மொன்றியலில் ஒரு பேஸ்போல் அணி இருந்தது என்பதே நான் சொல்லித்தான் அவனுக்குத் தெரியும். அவனோடு சண்டை பிடிக்க விருப்பமில்லை. ஆனால் அன்றைக்குச் சொல்லாமல் விழுங்கியது இன்னும் தொண்டையில் நிற்கிறது, அதனால் இங்கே கொட்டுகிறேன்.

விசயம் இதுதான். பேஸ்போல் முதலாளிமாருக்கும் வீரர்கள் சங்கத்துக்கும் இடையிலான ஒப்பந்தம் 2026 டிசம்பர் 1ஆம் திகதியோடு முடிகிறது. முடிந்த கையோடு முதலாளிமார் வீரர்களை வெளியே விட்டு, ஆட்டத்தை நிறுத்திக் கதவைப் பூட்டிவிடுவார்கள் என்ற பயம் இந்த விளையாட்டைப் பார்க்கிற எல்லாருக்கும் இருக்கிறது. முதலாளிமார் பக்கம் அணியின் சம்பளத்துக்கு உச்சவரம்பு வேண்டும் என்கிற பேச்சு, வீரர்கள் பக்கம் உயிர் போனாலும் அதற்கு ஒத்துக்கொள்ளமாட்டோம் என்கிற பேச்சு. ஒரு சொல் மாறாமல் இதே கதையை நான் 1994இல் கேட்டேன். அப்போது அதன் விலையை யார் கட்டினார்கள் என்றும் பார்த்தேன்.

அப்போது மொன்றியலில் ஒரு உணவகத்தின் பின்பக்கத்தில் சட்டி கழுவிக்கொண்டிருந்தேன். ஊரில் கிறிக்கெட் தெரியும், பேஸ்போல் என்றால் என்னவென்றே தெரியாது. சமையல்காரர் டொமினிக்கன் நாட்டுக்காரர். எண்ணெய் பிசுக்குப் பிடித்த ஒரு வானொலிப் பெட்டியை அடுப்புக்கு மேலே தட்டில் வைத்திருப்பார், பிரெஞ்சில் நேர்முக வர்ணனை போகும். நான் பிரெஞ்சு இலக்கங்களைப் படித்தது வகுப்பில் இல்லை, அந்தப் பெட்டியில்தான். எத்தனை பந்து, எத்தனை அவுட், யார் எத்தனை ஓட்டம் என்று கேட்டுக் கேட்டே பிரெஞ்சு காதில் ஏறியது. மொன்றியலின் எக்ஸ்போஸ் அணியின் மனேஜர் ஃபெலிபே அலூ அவருடைய நாட்டுக்காரர், ஃபெலிபேயின் மகன் மொய்செஸ் அலூவும் அதே அணியில். 22 வயதுப் பெடியன் பெட்ரோ மார்ட்டினெஸ் பந்து எறிகிற நாளில் எங்கள் சமையலறையில் யாரும் சத்தமாகக் கதைக்கக்கூடாது.

1994 ஜூன் 27, திங்கட்கிழமை இரவு. இரண்டு பேரும் லீவு சொல்லிவிட்டு மெற்றோவில் பீ-நூஃப் நிலையத்தில் இறங்கி ஒலிம்பிக் அரங்கத்துக்குப் போனோம். எதிரணி அட்லாண்டா, பந்து எறிந்தவர் கிரெக் மடக்ஸ், அந்தக் காலத்தில் அவர் எறிகிற பந்தை அடிப்பதென்பது லேசில் நடக்காது. கிளிஃப் ஃபுளோயிட் அடித்த பந்து வேலிக்கு அப்பால் போனபோது 45,000க்கும் மேற்பட்ட சனம் ஒரே மூச்சில் எழும்பியது. அந்தப் பெரிய கொங்கிறீட் கட்டடம் காலுக்குக் கீழே அதிர்ந்ததை நான் உணர்ந்தேன். முன்பின் தெரியாத ஒரு வயதான கியூபெக் மனிசன் என்னைக் கட்டிப்பிடித்தார். நான் அகதியாக வந்து இறங்கிய நகரத்தில் இது என்னுடைய இடமும்தான் என்று முதன்முதல் எனக்குத் தோன்றியது அந்த இரவில்தான். இதை நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை.

ஓகஸ்ட் 12 வீரர்களின் வேலைநிறுத்தம் தொடங்கியபோது எக்ஸ்போஸ் 74 வெற்றி, 40 தோல்வி. பேஸ்போலின் இரண்டு லீக்கிலும் அதைவிட நல்ல கணக்கு எந்த அணிக்கும் இல்லை. கடைசி 23 ஆட்டத்தில் 20 வெற்றி. இதை எத்தனை காசுக்குச் செய்தார்கள் என்று பாருங்கள்: 28 அணிகளில் சம்பளப் பட்டியலில் கடைசிக்கு முதல் இடம்! செப்டம்பர் 14ஆம் திகதி பேஸ்போலின் பொறுப்புத் தலைவர் பட் சீலிக் வந்து, இரண்டு லீக்கின் முதல்வர்களும் மோதுகிற உலகத் தொடரையே ரத்துச் செய்துவிட்டோம் என்று அறிவித்தார். இரண்டு உலகப்போர் நடந்தபோதும் நிற்காத தொடர், 1904க்குப் பிறகு முதல் தடவையாக நின்றது. சமையல்காரர் வானொலியை நிறுத்திவிட்டு வெங்காயம் வெட்டப் போனார். அந்தப் பெட்டி பிறகு பல மாதம் பேசவேயில்லை.

எனக்கு விசர் பிடிக்கிற இடம் எது தெரியுமா? அந்தச் சண்டையை முதலாளிமார் தொடங்கியதே சின்ன நகரத்து அணிகளைக் காப்பாற்றத்தான் என்று சொல்லித்தான். உச்சவரம்பு இல்லாவிட்டால் மொன்றியல் மாதிரி இடங்கள் தாக்குப்பிடிக்காது என்று அழுதார்கள். ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதை. அந்த வருடம் அந்த ஆடு எல்லாருக்கும் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது, அதன் காலைத்தான் உடைத்தார்கள். 232 நாள் இழுபட்டு, கடைசியில் சோனியா சோட்டோமேயர் என்ற நீதிபதியின் (ஆம், பிறகு உச்ச நீதிமன்றத்துக்குப் போன அதே ஆள்தான்) தடையுத்தரவால் 1995 ஏப்ரலில் முடிந்தது. உச்சவரம்பு வந்ததா? இல்லை.

பிறகு நடந்ததைக் கேளுங்கள். அந்த ஏப்ரலில் ஒரு கிழமைக்குள் நான்கு பேர் போனார்கள். கென் ஹில், ஜோன் வெட்லண்ட், மார்க்கிஸ் கிரிஸம் மூவரையும் விற்றார்கள், லாரி வோக்கரைச் சும்மா போகவிட்டார்கள். அதே வருடம் அட்லாண்டா உலகத் தொடரை வென்றபோது கடைசிப் பந்தைப் பிடித்தது கிரிஸம். அடுத்த வருடம் நியூயோர்க் யாங்கீஸ் வென்றபோது தொடரின் சிறந்த வீரர் வெட்லண்ட். 1997இல் நஷனல் லீக்கின் சிறந்த வீரர் வோக்கர், கொலராடோவுக்காக. அதே 1997இல் அதே லீக்கின் சிறந்த பிட்சர் (பந்து எறிகிறவர்) விருதை பெட்ரோ எங்கள் சட்டையோடு வாங்கினார், வாங்கிய கையோடு அவரையும் பொஸ்டனுக்கு அனுப்பிவிட்டார்கள். ஒவ்வொரு ஒக்டோபரும் கிண்ணத்துக்கான ஆட்டங்களுக்கு ரீவியைப் போட்டால் எங்கள் வீட்டுப் பிள்ளைகள் அயல்வீட்டில் கலியாணச் சாப்பாடு சாப்பிடுவதைப் பார்க்கிற மாதிரி இருக்கும்.

எக்ஸ்போஸ் சாக வேறு காரணங்களும் உண்டு, அதை நான் மறைக்கவில்லை. இருண்ட அரங்கம், பலமில்லாத கனடா டொலர், 1999 முடிவில் வந்த புது முதலாளி ஜெஃப்ரி லோரியா, 2000இல் ஆங்கிலத்தில் ரீவியோ வானொலியோ இல்லாமல் போனது எல்லாம் சேர்ந்துதான் கொன்றது. ஆனால் முதல் வெட்டு 94இல் விழுந்தது. சனத்தின் நம்பிக்கை போனது அன்றைக்குத்தான், அரங்கம் காலியாகத் தொடங்கியதும் அதன் பிறகுதான். 2004 செப்டம்பர் 29 கடைசி ஆட்டத்துக்கு நான் ரொறன்ரோவில் இருந்து ஐந்தரை மணித்தியாலம் கார் ஓட்டிப் போனேன். 31,395 பேர். 9க்கு 1 என்று தோற்றோம். ஆட்டம் முடிந்து வெகுநேரமாகியும் சனம் கதிரையை விட்டு எழும்பவில்லை. அடுத்த வருடம் அணி வாஷிங்டனில். 2024 செப்டம்பரில் ஓக்லண்ட் சனம் 46,889 பேர், ஊரைவிட்டுப் போகிற தங்கள் அணியின் கடைசி ஆட்டத்தில் நின்றதை ரீவியில் பார்த்தபோது மனிசி வந்து ரீவியை நிறுத்திவிட்டுப் போனா. பார்க்க முடியவில்லை என்னால்.

சரி, இப்போதைய கதைக்கு வருவோம். எல்லாரும் லொஸ் ஏஞ்சலிஸ் டொட்ஜர்ஸ் அணியைத் திட்டுகிறார்கள். அவர்களின் வீரர் ஒட்டானிக்கு 10 வருடத்துக்கு 700 மில்லியன் டொலர், அதில் 680 மில்லியனை ஒப்பந்தம் முடிந்த பிறகுதான் கொடுப்பார்களாம். யமமோட்டோவுக்கு 12 வருடத்துக்கு 325 மில்லியன். சம்பளம் எல்லை தாண்டினால் கட்டவேண்டிய ஆடம்பர வரி, 2025இல் அவர்கள் கட்டியது மட்டும் 169 மில்லியனுக்கு மேல், பல அணிகளின் முழுச் சம்பளமே அவ்வளவு வராது. உள்ளூர்த் தொலைக்காட்சி ஒப்பந்தமே 25 வருடத்துக்கு 8 பில்லியனுக்கு மேல் என்றால் அவர்களால் ஏன் முடியாது? 2025 நவம்பர் முதலாம் திகதி இரவு இங்கே ரொறன்ரோவில் அவர்களோடு உலகத் தொடரின் ஏழாவது, கடைசி ஆட்டம், ஒன்பதாவது இன்னிங்ஸில் இரண்டே இரண்டு அவுட் எடுத்தால் கிண்ணம் எங்கள் புளூ ஜேஸுக்கு. டொட்ஜர்ஸின் மிகேல் ரோஹாஸ் அடித்தார். பதினோராவதில் வில் ஸ்மித் அடித்தார். முடிவில் முதல்நாள் எறிந்த அதே யமமோட்டோ திரும்பவும் வந்து எறிந்து முடித்தார். 5க்கு 4. நடுச்சாமம் தாண்டி மகள் சோபாவில் முகத்தை மூடிக்கொண்டு கிடந்தாள்.

ஆனாலும் டொட்ஜர்ஸில் எனக்குக் கோபம் இல்லை. அவர்கள் வருகிற காசை வீரருக்குச் செலவழிக்கிறார்கள், விதியை மீறவில்லை. எங்கள் புளூ ஜேஸும் ஏழை அணி இல்லை, எங்கள் வீரர் கெரேரோவுக்கு 14 வருடத்துக்கு 500 மில்லியன் எழுதிக் கொடுத்தவர்கள் நாங்கள். என் கோபம் வாங்கிப் பையில் போடுகிறவர்களில். ஒவ்வொரு அணியும் உள்ளூர் வருமானத்தில் 48 வீதத்தைப் பொதுவில் போட்டு 30 அணிக்கும் சமமாகப் பிரிக்கிறது. எந்த அணியும் இவ்வளவாவது வீரர் சம்பளத்துக்குப் போட்டே ஆகவேண்டும் என்று ஒரு கட்டாயக் கீழ்வரம்பு உண்டா? இல்லை. பிட்ஸ்பர்க் அணியைப் பாருங்கள். பெரும்பாலும் சனத்தின் வரிப்பணத்தில் கட்டிய, ஆற்றங்கரையில் அத்தனை வடிவான அரங்கம். 1993 முதல் 2012 வரை வரிசையாக 20 வருடம் வெற்றியைவிடத் தோல்வி கூட. 2015க்குப் பிறகு ஒக்டோபர் ஆட்டம் என்றால் என்னவென்றே தெரியாது. 2025இல் அவர்களின் போல் ஸ்கீன்ஸ், ஒன்பது இன்னிங்ஸுக்கு 1.97 ஓட்டம் மட்டும் விட்டுக்கொடுத்த சராசரியோடு லீக்கின் சிறந்த பிட்சர் விருதை வென்றார். அவருடைய கணக்கு 10 வெற்றி, 10 தோல்வி! அவர் எறிகிற நாளில்கூட ஓட்டம் எடுத்துக் கொடுக்க ஆள் வாங்கிப் போடவில்லை. ஆறு வருடச் சேவை முடிந்து விரும்பிய அணிக்குப் போகலாம் என்றானதும் அந்தப் பிள்ளை எங்கே போகும் என்று பிட்ஸ்பர்க்கில் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும்.

உச்சவரம்பு வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஹொக்கியில் அதைக் கொண்டுவர 2004-05 சீசன் முழுவதையும் தொலைத்தார்கள், ஒரு ஆட்டம்கூட இல்லை. ரொறன்ரோ மேப்பிள் லீஃப்ஸ் கடைசியாகக் கிண்ணம் தூக்கியது 1967இல். உச்சவரம்பு எங்களுக்கு என்ன செய்தது? கீழ்வரம்பைப் பற்றியும் கணக்குப் புத்தகத்தைத் திறந்து காட்டுவதைப் பற்றியும் பேசாமல் உச்சவரம்பை மட்டும் தூக்கிப் பிடிக்கிற முதலாளியை நான் நம்பமாட்டேன்.

அதற்காக வீரர்கள் சங்கத்துக்கும் நான் கைதட்டப்போவதில்லை. நானும் இருபது வருடமாகத் தொழிற்சங்கத்தில் இருக்கிறவன், பனிக்குள் மறியலில் நின்றவன். கேர்ட் ஃபிளட் என்ற வீரர் 1969இல் என்னை மாடு மாதிரி விற்காதீர்கள் என்று எதிர்த்து நின்று, தன் விளையாட்டு வாழ்க்கையையே இழந்தது எனக்குத் தெரியும். எண்பதுகளில் முதலாளிமார் கூடிச் சதி செய்து சம்பளத்தை அமுக்கி, பிறகு 280 மில்லியன் நட்டஈடு கட்டியதும் தெரியும். அவர்களின் சந்தேகத்துக்கு நியாயம் உண்டு. ஆனால் இன்றைக்குக் குறைந்தபட்சச் சம்பளமே வருடம் 780,000 டொலர். ஹுவான் சோட்டோவுக்கு 765 மில்லியன். ஆட்டம் நின்றால் இவர்களில் யாருடைய வீட்டு அடுப்பு அணையும்? அரங்கத்தில் கச்சான் விற்கிற பொம்பிளை, ரிக்கெட் கிழிக்கிற கிழவர், ஆட்ட இரவு ஓவர்டைமை நம்பி வாடகை கட்டுகிற எங்கள் சமையலறைப் பெடியன்கள், இவர்களுக்குத்தான் சம்பளம் இல்லை. பேச்சுவார்த்தை மேசையில் இவர்களுக்கு ஒரு கதிரை போட யாருக்கும் ஏன் தோன்றவில்லை?

போனமுறை, 2021 டிசம்பரில் கதவைப் பூட்டி 99 நாள் வைத்திருந்தார்கள். பூட்டிய அன்றே லீக்கின் இணையத்தளத்தில் வீரர்களின் படங்களை எல்லாம் எடுத்துவிட்டு வெறும் நிழல் தலைகளைப் போட்டார்கள். அப்போது மகளுக்குப் பத்து வயது. கெரேரோவின் பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டு, "அப்பா, அவருக்கு என்ன நடந்தது?" என்று பயந்துபோய்க் கேட்டாள். பிள்ளைக்கு நான் என்ன சொல்ல? காசுச் சண்டையில் முகத்தை அழித்துவிட்டார்கள் என்றா?

அந்த விளாடிமிர் கெரேரோ ஜூனியர் 1999இல் பிறந்தது மொன்றியலில். தகப்பன் அப்போது எக்ஸ்போஸில் 27ஆம் இலக்கச் சட்டையோடு ஆடிக்கொண்டிருந்தார். மகனும் இன்றைக்கு அதே 27தான் போடுகிறார். 2018 மார்ச்சில் ஒரு முன்னோட்ட ஆட்டத்துக்கு புளூ ஜேஸ் மொன்றியலுக்குப் போனபோது, அதே ஒலிம்பிக் அரங்கத்தில், கடைசி இன்னிங்ஸில் அவர் ஹோம் ரன் அடித்து ஆட்டத்தை முடித்தார். நான் ரொறன்ரோவில் சமையலறைத் தரையில் இருந்து அழுதேன். மகள் அடுத்த நாளே அந்தச் சட்டை வேண்டும் என்று நின்றாள்.

இப்போது கேட்கிறாள், 2027இல் முதல் உள்ளூர் ஆட்டத்துக்கு ரிக்கெட் எடுப்போமா, முன்கூட்டிக் கட்டினால் மலிவாம் என்று. டிசம்பர் 1 தாண்டட்டும் என்றேன். கதவு பூட்டினால் ஒரு சதமும் கட்டமாட்டேன், ரீவிக்கும் கட்டமாட்டேன், சட்டையும் வாங்கமாட்டேன், திரும்பத் திறந்த முதல் மாதம் அரங்கத்துப் பக்கம் தலைவைத்துப் படுக்கவும் மாட்டேன். அவள் ஒன்றும் பேசாமல் தன் 27 சட்டையை மடித்து அலுமாரியில் வைத்தாள். அதே தட்டில் அவளுடையதற்குக் கீழே என்னுடைய 27 இருக்கிறது, தகப்பனுடையது, மொன்றியல் நீலம், கழுத்துப் பக்கம் வெளிறிப் போய்.