வல்லினம் மிகாத இடம்

(மயிலாடுதுறையில் ஒரு ஜெராக்ஸ் கடை. கடைக்காரர் செல்வம், தமிழய்யாவிடம் படித்தவர். ஐயா ஓய்வுபெற்று 12 ஆண்டுகள் ஆகியும், அவர் எதிரில் பேச்சுத்தமிழில் வாய் திறக்கும் துணிச்சல் அந்தத் தெருவில் இன்னும் எவருக்கும் வரவில்லை.)

தமிழய்யா: செல்வம், நான் வாங்காத இருசக்கர வண்டிக்கு 3 மாதத் தவணை பாக்கி என்று ஒருவன் காலையிலிருந்து தொலைபேசியில் மிரட்டுகிறான். சைக்கிளையே தள்ளிக்கொண்டு நடக்கிறவனுக்கு எவனப்பா வண்டி கொடுத்தான்?

செல்வம்: ஐயாவின் பெயரில் வேறு எவரோ வாங்கியிருக்கிறார். அண்மையில் ஆதாரையோ பான் அட்டையையோ முன்பின் தெரியாதவருக்கு அனுப்பினீர்களா?

தமிழய்யா: நான் ஏன் தெரியாதவருக்கு அனுப்பப் போகிறேன்? என் மாணவன் ஒருவனுக்குத்தான் அனுப்பினேன்.

செல்வம்: எந்த ஆண்டு மாணவர், ஐயா?

தமிழய்யா: இந்த ஆண்டுதான். மின்கட்டணம் செலுத்தாததால் இன்றிரவு 9.30 மணிக்கு இணைப்பு 'துண்டிக்கபடும்' என்று ஒரு குறுஞ்செய்தி வந்தது. கட்டணத்தை நான் முன்பே கட்டிவிட்டேன் என்பது வேறு செய்தி. நடுவில் ஒற்று இல்லாத அந்தச் சொல்லைப் பார்த்துவிட்டு எப்படி உறங்குவது? அதிலிருந்த எண்ணை அழைத்து, வல்லினம் மிகும் இடங்களை 40 நிமிடம் விளக்கினேன். அவன் ஒருமுறைகூடக் கொட்டாவி விடவில்லை. நீ முதல் நூற்பாவிலேயே உறங்கிவிடுவாய்.

செல்வம்: அதற்குப் பிறகு என்ன நடந்தது?

தமிழய்யா: இணைப்பைச் சரிபார்க்க வேண்டும் என்று பணிவோடு இரண்டு அட்டைகளின் படத்தையும் கேட்டான், அனுப்பினேன். 6 இலக்க எண் ஒன்று வரும், வாசியுங்கள் என்றான், வாசித்தேன். என் உச்சரிப்பைப் பாராட்டினான்.

செல்வம்: 'இதை எவரிடமும் சொல்லாதீர்கள்' என்று அந்த ஓடிபியின் கூடவே வந்திருக்குமே, ஐயா!

தமிழய்யா: வந்தது. ஆங்கிலத்தில் வந்தது.

(செல்வம் கணினியைத் திறக்கிறார்.)

செல்வம்: யார் பெயரில் என்ன கடன் இருக்கிறது என்று பதிவு வைத்திருக்கும் சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனங்கள் நம் நாட்டில் 4 இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். முதலில் சிபிலைப் பார்ப்போம். உங்கள் கைப்பேசிக்கு ஓர் எண் வந்திருக்கும், அதைச் சொல்லுங்கள்.

தமிழய்யா: என்னிடமேவா? உன்னையும் நான் நம்பிவிடுவேன் என்று நினைத்தாயா?

செல்வம்: நல்லது ஐயா, நீங்களே தட்டுங்கள்.

(ஐயா ஒவ்வோர் இலக்கத்தையும் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் இரண்டு முறை நேரம் முடிந்து, மூன்றாம் முறை திறக்கிறது.)

செல்வம்: வண்டிக்கடன் ஒன்று, 48,000 ரூபாய்க்குக் கைப்பேசிக் கடன் ஒன்று. கடன் கொடுத்தவருக்கும் சிபிலுக்கும் 'இது என் கடன் அன்று' என்று இன்றே எழுதிவிடுவோம். 30 நாள்களுக்குள் தீர்க்காவிட்டால், அதன் பிறகு நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி.

தமிழய்யா: மாதம் 3,000 ரூபாயா? ஒன்றும் அவசரமில்லை, மெதுவாகவே தீர்க்கட்டும்.

செல்வம்: அதுவரை அந்த ஆள் உங்களை அழைத்துக்கொண்டே இருப்பார். கையோடு 1930 என்ற இணையக் குற்றப் புகார் எண்ணுக்கும் ஒரு புகார் சொல்லிவிடுவோம். இதோ பாருங்கள், தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் உங்கள் பெயரில் 5 சிம் அட்டைகள் இருக்கின்றன.

தமிழய்யா: என்னிடம் இருப்பது ஒன்று. அதற்கே என் மகன் பேசுவதில்லை.

செல்வம்: மற்ற நான்கும் என்னுடையவை அல்ல என்று குறித்துவிட்டேன். இனி, கடவுச்சொல்லை மாற்ற வேண்டும். வங்கிக்கும் மின்னஞ்சலுக்கும் வேறு வேறு வைத்திருக்கிறீர்களா?

தமிழய்யா: ஒருவனுக்கு ஒருத்தி என்று வாழ்ந்தவன் நான். எல்லாவற்றுக்கும் பத்மா1234 தான்.

(நகல் எடுக்க வந்த இருவர் அதைக் கேட்டுத் தலையசைக்கிறார்கள்.)

செல்வம்: மெதுவாக, ஐயா! ஆதாரையும் இனி முழுதாகக் கொடுக்காதீர்கள். கடைசி 4 இலக்கம் மட்டும் தெரிகிற மறைக்கப்பட்ட ஆதாரை ஆணையத்தின் தளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். 2022 மே மாதத்தில் அதன் பெங்களூரு அலுவலகம், கண்டவரிடம் நகலைக் கொடுக்காதீர்கள் என்று அறிவித்தது. மக்கள் தவறாகப் புரிந்துகொள்ளக்கூடும் என்று இரண்டே நாளில் அது திரும்பப் பெறப்பட்டது. திரும்பப் பெற்றிராவிட்டால் நான் இங்கே ஈ ஓட்டிக்கொண்டிருப்பேன்.

தமிழய்யா: அது இருக்கட்டும். உன் கணினித் திரையில், ஓரத்தில் வரிசையாகத் தெரிகிற முகங்களில் மூன்றாவது என் முகம்தானே?

செல்வம்: ஓய்வூதியத்திற்கான உயிர்வாழ் சான்றுக்காக, நகலெடுக்கச் சொல்லி 2021-இல் வாட்ஸ்அப்பில் அனுப்பினீர்கள்.

தமிழய்யா: பக்கத்தில் இருப்பவர்?

செல்வம்: கோயில் குருக்கள். அதற்கடுத்து ஊராட்சித் தலைவர். எல்லாரும் வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். அழிக்க நேரமில்லை, ஐயா.

தமிழய்யா: என்னிடம் ஒருவன் 40 நிமிடம் பாடம் கேட்டுத்தான் எடுக்க முடிந்தது. உன்னிடம் ஊரே தானாகக் கொண்டுவந்து கொட்டியிருக்கிறது! எழுந்து நில். எல்லாவற்றையும் அழி. குப்பைத்தொட்டிக்குப் போனதையும் அழி.

(செல்வம் நின்றபடியே அழிக்கிறார்.)

தமிழய்யா: உன் மின்னஞ்சல் மட்டும் பத்திரமாக இருக்கிறதா?

செல்வம்: கடவுச்சொல் மறந்தால் ஒரு கேள்வி கேட்கும், சரியான விடை சொன்னால்தான் திறக்கும். 'உனக்குப் பிடித்த ஆசிரியர் யார்?' என்பதே கேள்வி.

தமிழய்யா: (முகம் மலர்ந்து) அதிலென்ன பாதுகாப்பு இருக்கிறது, செல்வம்? விடை நான்தான் என்பது ஊருக்கே தெரியுமே!

செல்வம்: ஊருக்கே தெரியும் என்பதால்தான் ஐயா, கணக்கு வாத்தியாரின் பெயரைப் போட்டிருக்கிறேன்.

(நீண்ட அமைதி.)

தமிழய்யா: பாதுகாப்புக்காகப் போட்டாயா, உண்மையாகவே போட்டாயா?

செல்வம்: அதையெல்லாம் எவரிடமும் சொல்லக் கூடாது, ஐயா.