ஓட்டுச்சீட்டில் இல்லாதது
'யார் வந்தாலும் பொருளாதாரம் மாறாது, ஓட்டுப் போட்டு என்ன ஆகப்போகிறது' என்ற சலிப்பைப் பற்றிய கட்டுரை. எனக்கும் அந்தச் சலிப்பு உண்டு. கிரீஸில் 2015 ஜனவரியில், அரசுச் செலவை வெட்டும் சிக்கன நடவடிக்கை போதும் என்று சொன்ன கட்சியை ஜெயிக்க வைத்தார்கள். கடன் கொடுத்தவர்களின் நிபந்தனைகளை ஏற்கலாமா என்று கேட்ட ஜூலை 5 பொது வாக்கெடுப்பிலும் 61 சதவீதம் பேர் 'வேண்டாம்' என்றார்கள். ஒரு வாரம் கழிந்ததும் அதே அரசு கடன் கொடுத்தவர்களின் நிபந்தனைகளுக்குத் தலையாட்டியது. விரலில் மை வைத்தவனுக்கு எப்படி இருந்திருக்கும்? (அங்கே மை வைப்பதில்லை, அது வேறு விஷயம்.)

சரி, கச்சா எண்ணெய் விலையும் வட்டி விகிதமும் ஓட்டுச்சீட்டில் இல்லைதான். ஆனால் யாருக்கு வரி, யாருக்கு விலக்கு என்பதை ஜெயித்தவர்தானே எழுதுகிறார்? தேர்தல் வீண் என்று சொல்லிப் பெரும் பணக்காரர்கள் கட்சி நன்கொடையை நிறுத்தியதாக நான் கேள்விப்பட்டதில்லை.