ஜெயித்த பிறகு மட்டும் வருகிறவர்களுக்கு

எங்கள் பள்ளிப் பிள்ளைகள் தமிழ் நாடகப் போட்டியில் பரிசு வாங்கிவிட்டார்கள். செய்தி வந்ததிலிருந்து பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் கைதட்டல் ஓயவில்லை. நம்ம பிள்ளைகள், நம்ம பள்ளி, நம்ம தமிழ் என்று ஆளாளுக்கு எழுதுகிறார்கள். கோப்பையோடு படம் எடுத்துக்கொள்ள எப்போது வரலாம் என்று எனக்கே போன் வருகிறது. எனக்கு வயிறு எரிகிறது. இதே நம்ம பிள்ளைகள் ஒத்திகைக்கு இடம் இல்லாமல், துணைக்கு ஆள் இல்லாமல், இருட்டிய பிறகு வீடு போகப் பஸ் இல்லாமல் திண்டாடினார்களே, அப்போது நீங்கள் எல்லோரும் எங்கே இருந்தீர்கள்?

மொரீஷியஸில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். வெளியூரில் இருந்து படிக்கிறவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். எங்கள் பிள்ளைகள் வீட்டில் பேசுவது பிரெஞ்சிலிருந்து வந்த எங்கள் தீவு மொழியான கிரியோல். பாடப்புத்தகம் ஆங்கிலம். டிவியும் பத்திரிகையும் பெரும்பாலும் பிரெஞ்சு. தமிழ் அவர்கள் காதில் விழுவது என் வகுப்பிலும் கோயிலிலும் சினிமாவிலும்தான். அந்தப் பிள்ளைகள் மேடை ஏறி, விளக்கு வெளிச்சத்தில், முழு நாடகத்தையும் தமிழில் பேசி நடிக்கிறார்கள் என்றால் அதற்குப் பின்னால் எவ்வளவு உழைப்பு இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

யோசிக்க முடியாவிட்டால் அவர்களுடைய வசனத் தாளை ஒரு தடவை வாங்கிப் பாருங்கள். முக்கிய வேடம் போட்ட பெண்ணின் தாள் இப்போதும் என் மேசையில் இருக்கிறது. என் கையெழுத்தில் தமிழ் வசனம். அதற்குக் கீழே அவளே ரோமன் எழுத்தில் எழுதிக்கொண்ட உச்சரிப்பு. அதற்கும் கீழே சிவப்புப் பேனாவில் கிரியோலில் அர்த்தம். எங்கெல்லாம் ழகரம் வருகிறதோ அங்கெல்லாம் ஒரு சுழி. அந்த ஒரு எழுத்துக்காக பஸ்ஸில் வரும்போதும் போகும்போதும் 'மழை, மழை' என்று சொல்லிக்கொண்டே வந்த பிள்ளை அவள். தாள் நான்காக மடித்து மடித்து, மடிப்பில் கிழிந்து, செலோடேப் போட்டு ஒட்டியிருக்கிறது. உங்கள் கண்ணுக்குக் கோப்பைதான் தெரிகிறது. எனக்கு இந்தத் தாள்தான் தெரிகிறது.

ஒத்திகை எப்படி நடந்தது தெரியுமா? மண்டபம் தேர்வுக்கு வேண்டும் என்றார்கள், கொடுக்கவில்லை. சரி என்று மாடி வகுப்பில் மேசைகளை ஓரம் தள்ளிவிட்டு நடத்தினோம். மணி அடித்ததும் பாதிப் பேர் பையைத் தூக்கிக்கொண்டு டியூஷனுக்கு ஓடுவார்கள். அரசன் வேடம் போட்ட பையன் ஒருநாள் வசனத்தின் நடுவில் இருந்தான். கீழே கார் ஹாரன். அவன் அம்மா. கணக்கு டியூஷன் நேரம் மாறிவிட்டதாம். தலைப்பாகையாகச் சுற்றியிருந்த துண்டை அவிழ்த்து என் கையில் கொடுத்து, 'சாரி மிஸ்' என்று சொல்லிவிட்டு இறங்கினான். அப்புறம் அவன் வரவே இல்லை. வரவிடவில்லை. போட்டிக்குக் கொஞ்ச நாளே பாக்கி இருக்கும்போது, சேவகனாக நின்ற சின்னப் பையன் அரசன் வசனம் முழுவதையும் மனப்பாடம் செய்தான். ஜெயித்த செய்தி வந்ததும் குழுவில் முதல் ஆளாக வாழ்த்துப் போட்டவர் அந்தக் கார் ஹாரன் அடித்த அம்மாதான். அவரை மட்டும் சொல்லி என்ன ஆகப்போகிறது, அவரைப் போல இங்கே நிறையப் பேர்.

இன்னொரு பையனைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். அவன் கிரியோல் இனத்துப் பிள்ளை, கத்தோலிக்கன், தமிழ் பாடமே எடுக்கவில்லை. நண்பன் நடிக்கிறான் என்று வந்தான், ரவான் என்கிற எங்கள் ஊர்த் தோல் மேளம் நன்றாக வாசிப்பான். கூத்துக் காட்சிக்குத் தாளம் வேண்டும் என்றதும் தானே கேட்டுக் கேட்டுப் பழகிக்கொண்டான். ஒரு ஒத்திகையைக்கூட அவன் தவறவிடவில்லை. அரங்கேற்றத்தன்று அவனுடைய பாட்டி இரண்டு பஸ் மாறி வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஒரு வார்த்தை தமிழ் தெரியாதவர். நம்முடைய தமிழ்ப் பெற்றோர்களுக்காகப் போட்டிருந்த நாற்காலிகள் அவருக்குப் பின்னால் வரிசை வரிசையாகக் காலியாகக் கிடந்தன.

தமிழ் அழிகிறது, அடுத்த தலைமுறை பேசாது என்று தைப்பொங்கல் விழாவில் மைக்கைப் பிடித்துக்கொண்டு பேசுகிறவர்களில் ஒருவரைக்கூட அன்று அந்த அரங்கில் நான் பார்க்கவில்லை. அடுத்த தலைமுறை அங்கேதான் பேசிக்கொண்டிருந்தது. கேட்க ஆள் இல்லை.

நமக்கு ஒன்று சேரத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. 1998இல் புதிய ரூபாய்த் தாள்கள் வந்தபோது, எப்போதும் இருந்த இடத்திலிருந்து தமிழ் எழுத்து ஒரு வரி கீழே இறங்கிவிட்டது. தீவு முழுக்கத் தமிழர்கள் கொதித்து எழுந்தார்கள். கடைசியில் அந்தத் தாள்களையே திரும்பப் பெற்றுக்கொண்டு, வரிசையை மாற்றி அச்சடித்தார்கள். அது சரியான கோபம், நியாயமான கோபம். நான் அதைக் குறை சொல்லவில்லை. ரூபாய்த் தாளில் இருக்கும் எழுத்துக்காகத் தெருவுக்கு வந்த சமூகம், அந்த எழுத்தை உயிரோடு பேசிக்காட்டும் பதினாறு வயதுப் பிள்ளைக்காக ஒரு மாலை நேரம் நாடகம் நடக்கிற மோக்காவுக்கோ வாக்குவாவுக்கோ வர முடியாதா?

தைப்பூசத்தன்று காவடி எடுத்து வருகிறவர்களுக்காக, தார் ரோட்டின் சூடு தணிய வழியெங்கும் தண்ணீர் ஊற்றுகிற ஜனங்கள் நாம். மகா சிவராத்திரிக்குக் கிராண்ட் பாசின் புனித ஏரி நோக்கி நடக்கும் முன்பின் தெரியாதவர்களைக்கூட நிறுத்தி ஜூஸும் சாப்பாடும் கொடுக்கிற ஊர் இது. பள்ளிக்குப் பணம் திரட்ட ஃபேன்ஸி ஃபேர் என்றால் விடியற்காலையில் அண்டாவோடு வந்து பிரியாணி கிண்டுகிறீர்கள், தால்பூரி போடுகிறீர்கள், கூட்டத்தில் நடக்க இடம் இருக்காது. அந்தப் பணத்தில் சுவருக்குப் பெயின்ட் அடிக்கிறோம், கேட் போடுகிறோம். நல்லது. அதே அண்டாவில் ஒருநாள் ஒத்திகைப் பிள்ளைகளுக்கு ஏதாவது சாப்பிடக் கொண்டுவரலாம் என்று ஏன் ஒருவருக்கும் தோன்றவில்லை? மதியம் சாப்பிட்ட ரொட்டியோடு ஐந்து மணி வரைக்கும் நின்றார்கள் அந்தப் பிள்ளைகள். கத்தோ பிமா என்கிற மிளகாய் வடை வாங்கக் கையில் காசு இருந்தவன் வாங்கி எல்லோருக்கும் பிய்த்துக் கொடுத்தான்.

பள்ளி இறுதித் தேர்வான ஹெச்.எஸ்.சி முடிவு வரும் நாளைப் பார்த்திருக்கிறீர்களா? எங்கள் நாட்டில் அது ஒரு திருவிழா. லோரியா என்று அறிவிக்கப்பட்ட பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு பள்ளி முற்றத்தில் ஆடுவார்கள். மேளம், கூச்சல், கண்ணீர், டிவிக்காரர்கள். அரசு உதவித்தொகையில் வெளிநாடு போய்ப் படிக்கப் போகிற பிள்ளை. கொண்டாட வேண்டியதுதான், நானும் கண் கலங்கி நின்றிருக்கிறேன். ஆனால் ஒவ்வொரு வருடமும் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் அந்தத் தேர்வை எழுதுகிறார்கள். லோரியா ஆவது சில டஜன் பேர். மற்ற ஆயிரக்கணக்கான பிள்ளைகளும் இந்தப் பள்ளிகளில்தானே ஏழு வருடம் படித்தார்கள்? அவர்களில் ஒருத்தி நன்றாகப் பாடுவாள், ஒருவன் விவாதத்தில் எதிராளியை வாயடைக்கச் செய்வான், ஒருத்தி தடை தாண்டி ஓடுவாள். அவர்களுக்காக ஒரு நாள் முற்றத்தில் கூடினால் என்ன குறைந்துவிடும்?

அந்தத் தடை ஓட்டக்காரி கதையும் இதே கதைதான். பள்ளியில் ஓடுதடம் கிடையாது. கல்லும் புல்லுமாக இருக்கிற மைதானத்தில் தடைகளை வைத்துப் பழகினாள். முட்டியில் எப்போதும் ஒரு காயம் இருக்கும். பம்பூவில் இருக்கிற ஜெர்மேன் கொமார்மோன் அரங்கம் மாதிரி ஒழுங்கான செயற்கைத் தடத்தில் அவள் கால் வைப்பதே போட்டியன்றுதான். மற்றப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு பக்கம் முழுக்கக் கூட்டம், கொடி, பாட்டு. எங்கள் பக்கத்தில் விளையாட்டு ஆசிரியரும் நானும் நாலைந்து சிநேகிதிகளும். ஓட்டத்துக்கு முன்னால் அவள் திரும்பித் திரும்பி நாங்கள் உட்கார்ந்திருந்த பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாரைத் தேடினாள் என்று எனக்குத் தெரியும். அவள் அப்பா அன்றைக்கு வேலைக்கு லீவு போட முடியவில்லை என்றார். இரண்டு வாரம் கழித்து அவள் பதக்கத்தோடு பேப்பரில் வந்தபோது, அந்தப் பேப்பரை அவரே நிறைய வாங்கிச் சொந்தக்காரர் எல்லோருக்கும் கொடுத்தார்.

2008இல் பெய்ஜிங்கில் குத்துச்சண்டையில் வெண்கலம் வாங்கி ப்ரூனோ ஜூலி திரும்பியபோது நாடே கொண்டாடியது. 2024 பாரிஸ் வரைக்கும் ஒலிம்பிக்கில் நமக்கு இருக்கிற ஒரே பதக்கம் அதுதான். ஏன் இரண்டாவது வரவில்லை என்று டீக்கடையிலும் டிவியிலும் பேசுகிறோம். இரண்டாவது பதக்கத்துக்கான பிள்ளை ஒருவேளை இன்றைக்கு சாயங்காலம் ஏதோ ஒரு பள்ளி மைதானத்தில் தனியாக ஓடிக்கொண்டிருக்கலாம். அவளைத் தண்ணீர் பாட்டிலோடு பார்க்கப் போக நமக்கு நேரம் இல்லை.

'மிஸ், படிப்புதான் முக்கியம், இதெல்லாம் சோறு போடாது' என்று சொல்லாதீர்கள். கேட்டுக் கேட்டு என் காது புளித்துவிட்டது. 1975 மே மாதம் இந்தத் தீவின் பள்ளி மாணவர்கள் வகுப்பை விட்டு வெளியே வந்து தலைநகர் போர்ட் லூயிஸ் நோக்கி நடந்தார்கள். கிராண்ட் ரிவர் பாலத்தில் போலீஸ் கண்ணீர்ப்புகை போட்டது. அவர்கள் எழுப்பிய குரல் வீண் போகவில்லை. 1977இல் உயர்நிலைக் கல்வி இலவசமானது. இன்று நீங்கள் பள்ளிக் கட்டணம் கட்டாமல் பிள்ளையைப் படிக்க வைப்பதற்கு அந்தப் பிள்ளைகளும் ஒரு காரணம். அப்படி ஒழித்த கட்டணத்தை, மாதாமாதம் ஒவ்வொரு பாடத்துக்கும் டியூஷனுக்கு என்று நீங்களே எடுத்துக் கொடுக்கிறீர்கள். காலையில் வகுப்பில் நடத்திய அதே பாடம்தான் மாலையில் யாரோ ஒருவர் வீட்டு கராஜில் இன்னொரு தடவை நடக்கிறது. சனிக்கிழமையும் அதே. பிள்ளைக்கு மூச்சு விட நேரம் எங்கே? இதில் ஆசிரியர்களாகிய எங்களுக்கும் பெரிய பங்கு உண்டு. டியூஷன் எடுக்கிற சக ஆசிரியர்களிடம் நேரிலேயே சொல்லியிருக்கிறேன், இங்கேயும் சொல்கிறேன்: போட்டி நடக்கும் மாதத்தில் ஒரு மாலையை விட்டுக்கொடுங்கள். அதனால் யாருடைய வருமானமும் கவிழ்ந்துவிடாது.

நாடகத்தில் நடித்தால் மார்க் குறையும் என்கிறார்கள். என் வகுப்பில் நேர்மாறாக நடந்தது. வாயே திறக்காமல் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த பையன், தூதன் வேடம் போட்ட பிறகு வாய்மொழித் தேர்வில் தயங்காமல் பதில் சொன்னான். பத்து வாக்கியம் எழுதத் திணறிய பிள்ளை, தன் பாத்திரத்துக்குத் தானே வசனம் எழுதித் தரட்டுமா என்று கேட்டது. இதை எந்த டியூஷன் கொடுக்கும்?

சரி, பஸ் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் இதில் உங்களால் நாளைக்கே ஏதாவது செய்ய முடியும். 2005இல் இருந்து மாணவர்களுக்கு பஸ் இலவசம். ஆனால் காசு வாங்காத பஸ், ஓடினால்தானே ஏற முடியும்? ஜூன், ஜூலையில் ஆறு மணிக்கு முன்பே இருட்டிவிடுகிறது. கிராமத்துப் பக்கம் போகிற பஸ்கள் சாயங்காலத்துக்குப் பிறகு குறைந்துவிடும். ஒத்திகை முடிந்து பெண் பிள்ளைகளை பஸ் நிலையத்தில் தனியாக விட்டுவிட்டுப் போக எனக்கு மனம் வராமல், கடைசிப் பிள்ளை ஏறும்வரை நின்றுகொண்டிருப்பேன். மழையும் வேறு. அந்த நிலையத்தைத் தாண்டித்தான் உங்களில் பலர் தினமும் ஆபீஸ் முடிந்து காரில் போகிறீர்கள். பின் சீட் காலியாக இருக்கிறது. உங்கள் பிள்ளையை மட்டும் ஏற்றிக்கொண்டு, அவன் கூட நடிக்கிற பிள்ளைக்கு டாட்டா காட்டிவிட்டுப் போனதை நான் என் கண்ணால் பார்த்தேன். அவர்கள் போகிற வழியும் உங்கள் வழிதான்.

நிர்வாகத்துக்கும் ஒரு வார்த்தை. பரிசு வாங்கிய மறுநாள் கேட் முன்னால் பேனர் கட்டக் காசு இருக்கிறது, பிள்ளைகளின் முகத்தைவிடப் பெரிதாகப் பெரியவர்கள் முகம் போட இடமும் இருக்கிறது. வேஷ்டி, நகை, மீசை வாடகைக்கு எடுக்கக் கேட்ட தொகைக்குக் கடைசிவரை கையெழுத்து கிடைக்கவில்லை. பிள்ளைகளின் அம்மாக்களுடைய சேலையில்தான் அரண்மனைத் திரை செய்தோம். அந்தச் சேலைகளில் ஒன்று ஆணி மாட்டிக் கிழிந்தது. அதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

ஆகவே பெற்றோர்களே, படம் எடுக்க வருவதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள். தடகளப் பிள்ளைகளுக்கு வருகிற புதன்கிழமை பள்ளி விட்டதும் பயிற்சி ஆரம்பிக்கிறது, ஐந்து மணிக்கு முடியும். விவாதக் குழு அதே நாள் மாடி வகுப்பில் கூடும். யார் யார் வருவீர்கள், திரும்பும்போது எந்த ஊர்ப் பக்கம் போவீர்கள், காரில் எத்தனை பிள்ளைகளுக்கு இடம் இருக்கிறது என்று குழுவில் எழுதுங்கள். கைதட்டும் படங்களை இனி அனுப்ப வேண்டாம். செவ்வாய் இரவுக்குள் பெயர்களை அனுப்புங்கள், பட்டியலை நான் போட்டுக்கொள்கிறேன்.