கதவைத் தட்டும் கவுன்சிலும் திறக்கப் பயப்படும் பெடியன்களும்

வீட்டை வாடகைக்கு விட உள்ளூராட்சியான கவுன்சிலிடம் லைசென்ஸ் எடுக்க வேண்டும் என்று பேச்செடுத்தாலே "சும்மா காசு பிடுங்கிற வேலை" என்கிறார்கள், கிழக்கு லண்டனில் வீடு வாடகைக்கு விடும் நம்மவர்கள். எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை.

கிழக்கு லண்டனின் நியூஹாம் கவுன்சில் 2013 ஜனவரியில் தன் எல்லைக்குள் தனியார் வாடகை வீடுகளுக்கு லைசென்ஸைக் கட்டாயமாக்கியது. எல்லை முழுவதற்கும் அப்படிச் செய்த முதல் கவுன்சில் இங்கிலாந்தில் அதுதான். அதற்குக் காரணம் இருந்தது. வீட்டுக்குப் பின்னால் ஷெட் கட்டி அதற்குள் ஆட்களைக் குடிவைத்தவர்கள் இருந்த இடம் இது. 2021 கணக்கெடுப்பிலும் இங்கே ஏறக்குறைய ஐந்தில் ஒரு வீட்டில் ஆட்களுக்கேற்ற படுக்கையறை இல்லை.

நியூஹாமின் ஈஸ்ட்ஹாமில் புதிதாக வந்திறங்கும் பெடியன்கள் இருக்கும் அறைகளைப் பார்த்திருக்கிறீர்களா? வீட்டு ஹோலை, அதாவது முன்னறையை, நடுவே பலகை அடித்து இரண்டாக்கியிருப்பார்கள். ஒரு பாதிக்கு யன்னலே இருக்காது. இரவு வேலை முடித்து விடிய வருபவன், பகல் வேலைக்குப் போனவனின் மெத்தையில் சரிவான். அலுமாரியை இழுத்தால் பின்சுவரில் கறுப்பாகப் பூஞ்சணம். சொன்னால், "ஹீட்டரைப் போடு, உடுப்பை உள்ளே காயப்போடாதே" என்று பதில் வரும். வெளியே காயப்போட இடம் எங்கே?

பலர் பகிர்ந்து வாழும் லைசென்ஸ் வீட்டில் வயது வந்த ஒருவர் படுக்கும் அறை குறைந்தது 6.51 சதுர மீட்டர், இருவரென்றால் 10.22 என்று 2018 முதல் விதி. ஒரு கட்டில், ஒரு அலுமாரி, கால் வைக்கக் கொஞ்சம் இடம், அவ்வளவுதான். அதைக்கூடக் கொடுக்க மாட்டேன் என்பவருக்காக நான் பரிந்து பேச முடியாது, அவர் நம் ஊர்க்காரராகவே இருந்தாலும்.

ஆனால் லைசென்ஸ் கடதாசி மட்டும் உயிரைக் காப்பாற்றாது. 2023 மார்ச்சில் கிழக்கு லண்டன் ஷாட்வெல்லில் இரண்டு படுக்கையறை ஃபிளாட் ஒன்று மின்சைக்கிள் பேட்டரியால் தீப்பிடித்தது. உள்ளே குறைந்தது 18 பேர் தங்கியிருந்ததாகச் செய்தி வந்தது. வங்கதேசத்திலிருந்து வந்திருந்த ஒருவர் இறந்துபோனார். அந்த ஃபிளாட்டுக்கும் லைசென்ஸ் இருந்தது.

சரி, அதிகாரி நேரே வந்து பார்த்தால் தீர்ந்துவிடுமா? கதவு தட்டினால் உள்ளே இருப்பவர்களே திறப்பதில்லை. நெரிசல் பிடிபட்டால் முதலில் தெருவுக்கு வருவது தாங்கள்தான் என்று அவர்களுக்குத் தெரியும். விசாவில் அரச உதவி பெறத் தடை இருப்பவனுக்குக் கவுன்சில் வீடும் இல்லை. அபராதம் கட்டிய லாண்ட்லோர்ட் அடுத்த வீட்டை வாங்குகிறார், இவன் அடுத்த ஹோலில் மெத்தை தேடுகிறான்.

அதனால் கவுன்சிலிடம் நான் கேட்பது இதுதான். சோதனைக்கு வரும்போதே, வெளியேற நேர்பவர்களுக்குத் தற்காலிகமாகத் தங்க ஓர் இடத்தோடு வாருங்கள். லைசென்ஸ் இல்லாத வீட்டில் கட்டிய வாடகையைத் தீர்ப்பாயத்தில் திருப்பிக் கேட்கலாம் என்று இங்கிலாந்தின் 2016 வீடமைப்பு, திட்டமிடல் சட்டம் சொல்கிறது. அதைத் தமிழிலும் வங்காளியிலும் அச்சடித்து அவர்கள் கையில் கொடுங்கள். விண்ணப்பம் நிரப்ப ஓர் ஆளையும் கூட அனுப்புங்கள்.

அறை தேடும் தம்பி தங்கைகள் முற்பணம் கொடுக்கும் முன் கவுன்சில் இணையதளத்தில் லைசென்ஸ் பதிவேட்டைப் பாருங்கள். விலாசம் போட்டால் போதும், காசு கேட்க மாட்டார்கள்.