முடிவை யார் எடுப்பது?

ராணுவத்தில் குவாண்டம் மேலாண்மை என்று பேச்செடுத்தாலே, எலெக்ட்ரானுக்கும் சிப்பாய்க்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். என்னைப் பொறுத்தவரை இயற்பியல் இங்கே ஓர் உவமை மட்டுமே. மேலாண்மை எழுத்தாளர் டானா ஜோஹர் 1990களில் முன்வைத்த அந்தச் சிந்தனையின் சாரம் வேறு: ஓர் அமைப்பில் எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கிறது, எதையும் முழுசாக முன்கூட்டிக் கணிக்க முடியாது, ஆகவே மேலே உட்கார்ந்துகொண்டு எல்லாவற்றையும் ஆட்டிவைக்க நினைக்காதே.

ராணுவத்துக்கு இது ஒத்துவராது என்பவர்கள் சான்டா ஃபே என்ற அமெரிக்க அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பலின் கதையைப் படிக்க வேண்டும். 1999-ல் டேவிட் மார்க்கே அதன் கேப்டனானார். அவர் பயிற்சி எடுத்திருந்ததோ வேறொரு கப்பலுக்கு. அணு உலையை நிறுத்திவைத்து நடந்த ஒரு பயிற்சியில், மின் மோட்டாரின் வேகத்தை 'மூன்றில் இரண்டுக்கு' ஏற்றச் சொன்னார். பொறுப்பிலிருந்த அதிகாரி அதையே உரக்கத் திருப்பிச் சொன்னார். ஆனால் சுக்கானில் இருந்த மாலுமி ஒன்றும் செய்யவில்லை. விசாரித்தால், இந்தக் கப்பலின் மோட்டாரில் அப்படியொரு நிலையே கிடையாது! அதிகாரிக்கும் அது தெரியும். கேப்டன் சொன்னார், நானும் சொன்னேன் என்றார்.

அதன்பின் மார்க்கே உத்தரவு போடுவதையே விட்டுவிட்டார். "இதைச் செய்யப் போகிறேன்" என்று அதிகாரிகளே வந்து சொல்ல வேண்டும். அவர் சரி என்பார். கடைசி வரிசையில் கிடந்த கப்பல் முன்வரிசைக்கு வந்தது. ஆனால் ஒரு விஷயத்தை மட்டும் அவர் கைவிடவில்லை. ஆயுதத்தை ஏவும் உத்தரவு கேப்டனுடையதுதான், ஏனென்றால் அதில் உயிர் போகிறது. இந்தச் சிந்தனையைக் கொண்டாடுபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள் என்பதுதான் என் ஆதங்கம்.

அப்புறம் ஈராக். 2003 முதல் 2008 வரை அமெரிக்காவின் கூட்டுச் சிறப்பு நடவடிக்கைப் படைகளுக்குத் தலைமை தாங்கிய ஜெனரல் மெக்கிரிஸ்டல், ஜர்காவி என்பவர் தலைமையில் அங்கே இயங்கிய அல்-காய்தா தீவிரவாத அமைப்பிடம் ஆரம்பத்தில் திணறினார். கைப்பற்றிய காகிதங்கள், பிரித்துக்கூடப் பார்க்காத பைகளில் கிடந்தன. ஒரு பிரிவுக்குத் தெரிந்தது அடுத்த பிரிவுக்குப் போய்ச் சேரவில்லை. அவர் தினமும் ஒன்றரை மணி நேரம் காணொளிக் கூட்டம் நடத்தினார். உலகெங்கும் இருந்து ஆயிரக்கணக்கானோர் சேர்ந்தார்கள், இளநிலை ஆய்வாளரும் நேராக ஜெனரலிடம் பேசினார். தாக்குதலுக்கு ஒப்புதல் கேட்டுத் தன்னைத் தூக்கத்தில் எழுப்புபவர்களைவிடத் தனக்கு அதிகம் தெரியாது என்று உணர்ந்து, அந்த அதிகாரத்தையும் கீழே கொடுத்தார். 2004 ஆகஸ்டில் மாதம் 18 ஆக இருந்த திடீர்ச் சோதனைகள் இரண்டே வருடத்தில் 300 ஆயின. 2006 ஜூனில் ஜர்காவி கொல்லப்பட்டார்.

நிர்வாகப் பயிற்சிகளில் கதையை இங்கேயே முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது போதவில்லை. வியட்நாம் போரில், மக்னமாரா அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சராக இருந்த காலத்தில் பிணங்களை எண்ணி வெற்றியை அளந்தார்கள். எண்ணிக்கை ஏறியது, போர் கைநழுவியது. 300 என்ற எண்ணும் வேகத்தைத்தான் சொல்கிறது. நள்ளிரவில் கதவு உடைக்கப்பட்ட வீட்டில் மறுநாள் காலை என்ன பேசிக்கொண்டார்கள் என்பது அந்தக் கணக்கில் இல்லை. 2014 ஜூனில் அதே அல்-காய்தாவின் வாரிசான ஐ.எஸ். (இஸ்லாமிய அரசு) அமைப்பு ஈராக்கின் மொசூல் நகரையே பிடித்தது. அதற்கு பாக்தாத் அரசியலும் பெரிய காரணம், எல்லாப் பழியையும் படையின் மேல் போட மாட்டேன். ஆனால் எல்லாம் பின்னிக் கிடக்கிறது என்று நம்பும் தளபதி, தன் படைக்குள் இருக்கும் இணைப்புகளை மட்டும் பார்த்தால் எப்படி? அந்தத் தெருவில் குடியிருப்பவரும் அந்தப் பின்னலில்தான் இருக்கிறார்.